இரண்டாவது அடுப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபது வருடமாக அறிவியல் வாத்தியார் வேலை. எதிர்த்துப் பேசாத பிள்ளைகள் முன்னால் நின்று பேசிப் பேசி, நான் பேசி முடித்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. வீட்டில் அது செல்லாது. ஊரில் செல்லும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இன்னும் கொஞ்சம் தள்ளி, மலை அடிவாரத்தில். தினமும் வண்டியில் போகும்போது மலை மேல் மேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். கீழே இறங்காது. ஒரு வருடம் ஆடியில் விதைத்த மக்காச்சோளம் பாதி காய்ந்தது. மீதியை அறுக்க இருந்த வாரத்தில் மழை கொட்டி, கதிரிலேயே முளைத்துவிட்டது. வகுப்பில் நான் பாடமாக நடத்திக்கொண்டிருந்தது எங்கள் வயலிலேயே நடந்தது. அதனால் பருவநிலை மாற்றம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், டீக்கடையானாலும் சாவு வீடானாலும் ஆரம்பித்துவிடுவேன்.

அடுத்த வருடம் எங்கள் ஊராட்சியில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை அடுப்பு, அதில் எரிவது விறகா கேஸா, கரும்பு வெட்டியபின் காய்ந்த சோகையைக் கொளுத்துகிறார்களா, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எல்லாவற்றையும் போனில் ஒரு ஆப்பில் ஏற்ற வேண்டும். அடுப்பை உள்ளே போய்ப் படம் பிடிக்க வேண்டும். வழக்கம்போல வாத்தியார்கள் தலையில் கட்டினார்கள். மற்றவர்கள் முனகினார்கள். நான் மட்டும் சந்தோஷமாகப் போனேன்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் எழுந்தார். கரும்பும் மரவள்ளியும் வைக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உறவில்லாவிட்டாலும் சின்ன வயதிலிருந்தே அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இந்தக் கணக்கெடுப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. முதலில் அடுப்பைப் பார்ப்பார்கள், அப்புறம் இதை எரி, இதை எரிக்காதே என்பார்கள், அப்புறம் இன்னாருக்கு இந்தச் சலுகையை நிறுத்து என்பார்கள் என்றார். கடைசியில் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மழ பேயலன்னா மேல பாரு வாத்தியாரே. என் வூட்டு அடுப்புல இன்னாத்துக்கு எட்டிப் பாக்குற?"

சாமியானாவே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து புகையைப் பற்றியும், மலையிலிருந்து இறங்குகிற விறகைப் பற்றியும், முளைத்துப்போன சோளத்தைப் பற்றியும் விளக்கினேன். பெரிய ஆலைகள் விடுகிற புகையை எந்த ஆப்பில் ஏற்றுவீர்கள் என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரியாததால் காதில் விழாத மாதிரி தாண்டிப் போனேன். முடிவில், ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவரைப் பார்த்தே கேட்டேன். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் வீடாக என் வீட்டைத்தான் ஏற்றினேன். அடுப்பு ஒன்று, கேஸ். பின்பக்கம் மூன்று கல் வைத்து என் மனைவி தினமும் குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பு ஒன்று இருக்கிறது. அது சமையல் அடுப்பு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆப்பில் இருந்த கேள்வி சமையலுக்கு என்று கேட்கவில்லை. அதையும் படித்துவிட்டுத்தான் ஒன்று என்று போட்டேன்.

கடைசி வீட்டுக்கு நான் போனபோது அண்ணன் கழனிக்குப் போயிருந்தார். அவர் இருக்கும்போது வருகிறேன் என்று திரும்பியிருக்கலாம். அண்ணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "வா தம்பி, அடுப்பத்தானே பாக்கணும், பாத்துக்க" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மண் அடுப்பைச் சுத்தமாக மெழுகி வைத்திருந்தார். படம் எடுத்தேன். கிளம்பும்போது மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து புகை வாசனை வந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று அண்ணி சொன்னார். சொன்ன விதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நான் விடவில்லை. போய்ப் பார்த்தேன்.

மூன்று செங்கல். அதன் மேல் ஒரு சின்னக் குண்டான், பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு எரிந்தால் அந்த வீடு உடைந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் முதலில் பிரிவது அடுப்புதான், நிலம் அதற்கப்புறம்தான். தனி ரேஷன் கார்டு கேட்டுப் போனால்கூட, தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரும். இங்கே அண்ணன் தம்பி யாரும் இல்லை. புருஷனும் பொண்டாட்டியும் மட்டும்தான்.

அவர்களுடைய ஒரே மகள் இரண்டு வருடத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அது ஊருக்குத் தெரியும். மகள் போகப் போவது அண்ணிக்கு முன்பே தெரியும், தெரிந்தும் புருஷனிடம் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது அண்ணனுக்குத் தெரிந்த நாளிலிருந்து அண்ணி கையால் அவர் சாப்பிடவில்லை. கல்யாணம் காட்சிக்குச் சேர்ந்துதான் போவார்கள், தெருவில் பேசிக்கொள்வார்கள், வீட்டுக்குள் வந்ததும் அவர் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தனக்குத் தானே பொங்கிக்கொள்வார். இதையெல்லாம் அண்ணி நின்றபடியே, அழாமல், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி சொன்னார். அப்புறம் என் போனைப் பார்த்தார்.

"ஒன்னுன்னே போட்டுக்க தம்பி. சோறுதான் அவரு தனியா ஆக்கிக்கிறாரு. இந்த ஆடிலேர்ந்து கொழம்பு எங்கிட்ட வாங்கிக்கிறாரு. கிண்ணத்துல ஊத்தி வெச்சா எடுத்துக்கினு போறாரு. இன்னும் கொஞ்ச நாள்ல சோறும் வாங்கிப்பாரு. எழுதிட்டன்னா அப்பிடியே நின்னுடும்."

இரண்டு வருடத்தில் ஒரு கிண்ணம் குழம்பு வரைக்கும் வந்திருந்தார்கள். அதை ஒருத்தரும் தொடாமல் இருந்தால் போதும் என்றுதான் அவர் கேட்டார்.

நான் இரண்டு என்று அழுத்தினேன். கணக்கில் பொய் எழுதக் கூடாது அண்ணி, இது யாருக்கும் தெரியாது, எங்கேயோ கம்ப்யூட்டரில் கிடக்கும் என்று சமாதானம் சொன்னேன். என் வீட்டுக்கு ஒன்று என்று போட்ட அதே விரல்தான். உண்மைக்காகச் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், சாமியானாவில் என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தவரின் வீட்டுப் பின்பக்கம் எனக்குக் கிடைத்துவிட்டது என்ற திருப்தி உள்ளே எங்கோ இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

அக்டோபர் இரண்டு கிராம சபையில் ஒன்றியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து கணக்கெடுப்பு முடிந்ததைப் பாராட்டிப் பேசினார். என்னைப் பற்றியும் சொன்னார். கை தட்டல் ஓய்வதற்குள் கடைசி வீட்டு அண்ணன் எழுந்துவிட்டார்.

"ஆம்பள இல்லாத நேரமாப் பாத்து வூட்டுக்குள்ள பூந்து போட்டோ எடுத்துக்கினு போயிருக்காங்க. கேட்டா மழைக்காகவாம். இதுக்கு இன்னா பேருன்னு ஆபீசரு சொல்லட்டும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். கூட்டமே என்னைப் பார்த்தது. அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தப்புதான் அண்ணே, உங்களைக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் எழுந்து, உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"புருஷனுக்கு ஒன்னு, பொண்டாட்டிக்கு ஒன்னுன்னு ரெண்டு அடுப்பு எரியற வூடு அது. அவரு வந்து எனக்கு நியாயம் சொல்றாரு."

யாரும் சிரிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணிதான் என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். முதலில் தன்னிடம் ஒளித்தவள், இப்போது தன்னை ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று. நான்தான் புகை வாசனை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன் என்று அப்போதே கத்தியிருக்க வேண்டும். நின்றுகொண்டுதான் இருந்தேன். இருபது வருடமாக ஓயாத வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

அன்று சாயங்காலமே அவர் கழனியில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குக் குடி போய்விட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஊருக்குத் தெரியாதவரைக்கும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார். தெரிந்த பிறகு எதற்கு என்று நினைத்திருப்பார். என் மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். கத்தப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"நம்ம வூட்டுக்கு எத்தினி அடுப்புன்னு எழுதினீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். ரசத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆப்பைத் திறந்து அந்த இரண்டை ஒன்றாக்கப் பார்த்தேன். ஏற்றியதை மாற்ற முடியாது என்று வந்தது. மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மோட்டார் கொட்டகைக்கு முந்தின வாய்க்கால் பாலம் வரைக்கும் போவேன். அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய், தேவையில்லாத ஒன்றை வாங்கிக்கொண்டு வருவேன். மழை தப்பிப் பெய்வது உண்மைதான், புகை கெடுதல் என்பதும் உண்மைதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டீக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

தை பிறந்ததும் அடுப்புகள் வந்து இறங்கின. புகை கம்மியாக வருகிற, விறகு குறைவாக எரிக்கிற இரும்பு அடுப்பு. கணக்கெடுப்பில் எத்தனை விறகடுப்பு ஏற்றியிருக்கிறதோ அத்தனை. யார் ஏற்றினார்களோ அவர்களே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். என் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. பின்பக்கம் மூன்று கல்லில் இன்றைக்கும் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசி வீட்டுக்கு இரண்டு வந்தது.

இரண்டையும் அண்ணி வாசலில் இறக்கினேன். அவர் ஒன்றை மட்டும் தூக்கி உள்ளே வைத்தார். நான் கையெழுத்துத் தாளை நீட்டிக்கொண்டு நின்றேன். என்னைத் திட்டுவார், திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"இன்னொன்ன கொட்டாய்ல குடுத்துடு தம்பி" என்றார். உள்ளே போய், மூடி போட்ட ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. "அப்பிடியே இதையும்" என்று நீட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். நீ எடுத்துக்கினு போனா வாங்க மாட்டாரு."

வாய்க்கால் பாலத்தை அன்றைக்குத்தான் தாண்டினேன். அண்ணன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் வெறும் சோறு, ஓரத்தில் ஊறுகாய். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அண்ணி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை அண்ணே, நானாகத்தான் போய்ப் பார்த்தேன் என்ற ஒரு வரியை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"கையெழுத்து எங்க போடணுங்க சார்?" என்றார்.

என் வயதுக்கு அவர் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தாளைக் காட்டினேன். போட்டார். அப்புறம் போனை எடுத்தேன். அடுப்போடு ஆளையும் சேர்த்துப் படம் எடுத்து ஏற்றாவிட்டால் அந்த ஆப் மேலே போகாது. அவரே அடுப்பைத் தூக்கிக் காலருகில் வைத்துக்கொண்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். போனுக்குள் அவர் தெரிந்தார், பக்கத்தில் அந்தத் தட்டும்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த அந்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். "வெயில் அடிக்குது, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கண்ணே" என்றேன்.

திரும்பினார்.