டேஷ்போர்டுக்கு உத்தரவு கேட்கப் போனோம்

விரிசல்

ஸ்டீயரிங்கை ஒரு கையாலும் டேஷ்போர்டை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு முனிரத்தினம் அண்ணன் எங்கள் பட்டறைக்குள் வந்து நின்றார். கியர் மாற்ற மூன்றாவது கை இல்லை. அதனால் மொரப்பூரிலிருந்து நல்லம்பள்ளி வரை இரண்டாவது கியரிலேயே வந்திருக்கிறார்.

"ரேடியேட்டர்ல சோறு வடிக்கலாம் போலிருக்குதே" என்றார் ரஷீத் பாய்.

பட்டறை பாயுடையது. எழுபதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக் முடித்த சூட்டோடு நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "டிப்ளமா" என்பார்.

அண்ணனுடையது பழைய பிக்கப். இந்தக் காலத்து வண்டி மாதிரி பிளாஸ்டிக் கிடையாது. டேஷ்போர்டு முழுக்க ஒரே இரும்புத் தகடு. ஸ்டீயரிங் ராடைத் தாங்குகிற பிராக்கெட் அந்தத் தகட்டில்தான் தொங்கும். தகடு வெடித்தால் ஸ்டீயரிங்கே ஊஞ்சலாடும். ஸ்பீடோமீட்டர் ஓட்டையில் கிளம்பிய விரிசல் பிராக்கெட் வரைக்கும் வந்திருந்தது. பாய் ஏற்கெனவே அதற்கு கேஸ் வெல்டிங் வைத்திருக்கிறார். வைத்த இடம் நிற்கும், பக்கத்து இடம் விட்டுக்கொடுக்கும்.

டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தேன். விரிசல் வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி என் நெஞ்சில் விழுந்தது. கோட்டுக்குள் புளித்தூசி மிதந்தது. சித்தேரி மலையடிவாரத்திலிருந்து மொரப்பூர் ஸ்டேஷனுக்கு அண்ணன் ஏற்றிய மூட்டைகளின் தூசி. ஒயர்கள் மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள் மாதிரி வளைந்து வளைந்து போயின. கொஞ்ச நேரம் அந்த மலைக்கே போய்விட்டேன்.

"டிப்ளமா, உள்ள குடித்தனம் பண்றியா? வெளிய வா!"

பாய் அண்ணனிடம் மறைக்காமல் சொன்னார். "இனிமே நெருப்பு வெக்கத் தகடு இல்ல முனிரத்தினம். வேற டேஷ்போர்டு கெடச்சா இது வண்டி. இல்லீன்னா எடைக்குத்தான் போடணும்."

புளி சீசன் அப்போது. அண்ணனுக்கு வேறு வண்டியும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. "கெடைக்குங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பாயைவிட்டு என்னைக் கேட்டதில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நான் கொண்டாரேண்ணா" என்றுவிட்டேன்.

காயலாங்கடை

சேலத்தில் காயலாங்கடை காயலாங்கடையாக அலைந்தேன். ஒரு கடையின் பின்பக்கம் வேப்பமரத்தில் சாய்ந்தபடி ஒரு டேஷ்போர்டு நின்றது. அதே மாடல், அதே பிராக்கெட், விரிசல் இல்லை. மழை ஓய்ந்த வானத்தின் நீலம். எங்கோ ஒரு பெரிய வண்டி மண்ணுக்குள் தூங்க, அதன் முகம் மட்டும் வெளியே எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

"தொப்பூர் மலை ரோட்டுல கவுந்த வண்டிப்பா" என்றார் கடைக்காரர். "ஓட்டுனவன் என்ன ஆனான்னு நமக்கு எதுக்கு?"

பஸ் டாப்பில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கண்டக்டர், "என்னப்பா, எங்க பஸ் மேல நம்பிக்கை இல்லாம ஸ்பேர் கையோட கொண்டாந்துட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் அந்த நீலம் அண்ணனின் வண்டிக்குள் உட்காருவதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் தகட்டைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நசுங்கலில் விரல் நின்றது.

"எங்க எடுத்தீங்க?"

பாய் கண்ணைக் காட்டுவதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "தொப்பூர்ல கவுந்த வண்டிதுங்கண்ணா."

அண்ணன் கையை எடுத்துவிட்டார். "செத்தவன் வண்டிச் சாமான் என் வண்டில ஏறாதுங்க."

"செத்தான்னு யாரு சொன்னா?" என்றார் பாய்.

"பொழச்சான்னு யாரு சொன்னா?"

பாய்க்குக் கோபம். "இப்ப என்னதான் பண்ணணும்ங்கற?"

"அந்தாளு உசுரோட இருந்தா ஒரு வார்த்த உத்தரவு கேட்டுட்டு மாட்டிக்கறேனுங்க. இல்லீன்னா வண்டி எடைக்கே போவட்டும்."

தொப்பூர்

ஓட்டினவரைத் தேடிப் போக இருந்ததும் அண்ணனின் வண்டிதான். பழைய டேஷ்போர்டோடு தொப்பூர் வளைவில் இறங்க முடியாது. ஆகவே புதியதை மாட்டித்தான் போக வேண்டும். அண்ணன் ஒப்புக்கொண்டார், ஆனால் முன்னால் உட்கார மாட்டேன் என்றார். பாய் ஓட்ட, நான் பக்கத்தில். வண்டிக்குச் சொந்தக்காரர் பின்னால், புளி மூட்டை மாதிரி குந்திக்கொண்டு வந்தார்.

தை மாதம். தொப்பூர் இறக்கத்தில் பனி இன்னும் விலகவில்லை. லாரிகள் லைட் போட்டுக்கொண்டு பாலுக்குள் நீந்துவது போல ஏறி வந்தன. ரோட்டோரக் கடைகளில் விசாரித்தோம். ஒரு லாரி டிரைவர் கையை நீட்டினார். "நீல பிக்கப்புங்களா? பெருமாளு. அதா, அந்த இட்லிக் கடை. காலு போச்சு, ஆளு இருக்கான்."

பின்னாலிருந்து அண்ணன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

பெருமாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். இடது காலை இழுத்துத்தான் நடந்தார். அவர் மனைவி கரண்டியோடு வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "அத்த எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

பாயும் நானும் இறங்கி, வந்த விஷயத்தைச் சொன்னோம். பெருமாள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். அப்போது அவர் வலது கை, அவரைக் கேட்காமலேயே, டேஷ்போர்டுக்குக் கீழே போய் ஓரிடத்தில் நின்றது. விரல் ஏதோ ஓட்டைக்குள் இருந்தது. அந்தத் தகட்டைத் தேய்த்து, துடைத்து, போல்ட் போட்டவன் நான். அங்கே ஓட்டை இருப்பது எனக்கே தெரியாது.

"இது என்னுது இல்லீங்க" என்றார் பெருமாள்.

அண்ணன் பின்னாலிருந்து குதித்து இறங்கினார். "அப்ப கழட்டிடுங்க பாய். யாருதோ என்னவோ."

பாய் என்னைப் பார்த்தார். பெருமாளின் விரல் இன்னும் ஓட்டையில்தான் இருந்தது. நான் ஜன்னலோரம் போய் மெதுவாகக் கேட்டேன். "அண்ணா, அதுல என்ன சுவிட்ச் இருந்துதுங்க?"

அவர் விரலைச் சட்டென்று எடுத்தார். எடுத்த கை எங்கே போவதென்று தெரியாமல் மடியில் கிடந்தது. ஒரு லாரி ஏறி, கியர் மாற்றி, பனிக்குள் மறைந்தது.

"சின்ன லைட்டுங்க. எஞ்சம்சாரம் கூட வரும். அதுக்கு இருட்டுன்னா பயம். அதுக்கோசரம் போட்டேன்."

"அப்பறம் ஏன் இல்லீன்னீங்க?" என்றார் அண்ணன்.

"என்னுதுன்னு சொல்லிட்டா இத விட்டு எறங்க முடியாதுங்க. அதான்."

கடையில் இட்லிச் சட்டி மட்டும் சத்தம் போட்டது.

அண்ணன் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். காலையிலிருந்து ஏற மாட்டேன் என்ற முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஒரு சுத்து ஓட்டுங்க" என்றார்.

"கிளட்ச் அமுக்கற காலு இல்லீங்களே."

"கிளட்சுக்கு இந்தத் தம்பி இருக்குது."

"நான் இங்கயே டீ குடிக்கறேன். மூணு பேரும் கவுந்தா பட்டறைய யாரு பாக்கறது?" என்றார் பாய்.

அண்ணன் கால்களை சீட்டின் மேல் மடக்கிக்கொள்ள, நான் அந்த இடுக்கில் புகுந்து கிளட்ச் பெடலில் இரண்டு கையையும் வைத்தேன். கடைக்குப் பின்னால் வயலுக்குப் போகிற மண்பாதை, சமமாக, ஆளில்லாமல் கிடந்தது. "அமுக்கு" என்றார் பெருமாள். அமுக்கினேன். "விடு. பையப் பைய. பூ மாதிரி விடுப்பா." விட்டேன். வண்டி நகர்ந்தது.

எனக்கு ரோடு தெரியவில்லை. தலைக்கு மேலே தகட்டின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் ஒரு மிளகு அளவுக்கு வந்து, வண்டி திரும்பும்போதெல்லாம் என் கையில் ஊர்ந்தது. மேலே இரண்டு பேரும் புளி விலை பேசிக்கொண்டு போனார்கள். வண்டி மண்ணில் போகிறதா பனியில் போகிறதா என்றே எனக்கு விளங்கவில்லை. அமுக்கு, விடு. அவ்வளவுதான் உலகம்.

திரும்பி வந்து நின்றதும் பெருமாள் கதவைத் திறந்து, நல்ல காலை முதலில் ஊன்றினார். "இப்ப எறங்கிட்டேனுங்க. எடுத்துக்குங்க" என்றார். அண்ணன் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பெருமாளின் மனைவி எங்களுக்கு இட்லி கட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்குள் மட்டும் பார்க்கவில்லை.

பழைய சாமான் மாட்டுகிற வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. போல்ட்டைக் கழற்றினால் ஒரு பாகம் வண்டியை விட்டு வந்துவிடும். ஓட்டினவரை விட்டு வர அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க வழி இருந்தால் கொடுத்துவிடுங்கள், கிளட்சைக் கையால் அமுக்கியாவது.