அம்மா தாவுகிற இடம்

போன ஆவணியில், யட்டவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்றைக்கு நான் கழுத்தில் கிட்டாரோடு மேடையில் நின்றேன். கூடப் படித்த மூன்று பையன்களும் நானும் சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழு வைத்திருக்கிறோம். எங்களுக்குப் பழைய ஆங்கில ரொக் பாட்டு என்றால் பைத்தியம். ஆனால் கல்யாண வீட்டில் அதை யார் கேட்பார்கள்? பைலாவும் சினிமாப் பாட்டும் வாசித்து எல்லோரையும் ஆடவிட்டு, சாப்பாடு பரிமாறும் நேரம் பார்த்து எங்களுக்குப் பிடித்த ஒன்றிரண்டை மெல்ல நுழைத்துவிடுவோம்.

அதில் ஒரு பாட்டு எனக்கு உயிர். அதை எனக்குத் தந்தது அம்மா. ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. உடுப்புக் கழுவும்போதும் காய் நறுக்கும்போதும் அம்மா அதை முணுமுணுப்பார். ஆங்கிலம் தெரியாது, எல்லாமே ‘லா லா’தான். இரண்டாவது சரணம் மேலே ஏறிக்கொண்டு போகும். பாதியில் நாக்கால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வைப்பார். அடுத்த நொடி பாட்டின் கடைசிப் பகுதியில் இருப்பார்.

உயர்தரம் படிக்கும் காலத்தில்தான் அந்தப் பாட்டின் அசலைப் போனில் கண்டுபிடித்தேன். கேட்டால் ஆச்சரியம். அம்மா ‘டொக்’ போடுகிற இடத்தில் பாதிச் சரணமும் நீளமான ஒரு கிட்டார் வாசிப்பும் இருந்தன. பாட்டின் அழகே அங்கேதான். ஓடிப்போய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

“பாட்டே நான் பாடுற மாதிரித்தான். ஒன் போன்ல இருக்கிறது யாரோ சும்மா இழுத்துப் பாடினது” என்றார்.

எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், “கார்மெண்ட்ஸுக்குப் போன பஸ்ல” என்பார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதற்கு மேல் ஒன்றும் வராது.

வேடிக்கை என்னவென்றால், நான் கிட்டார் பழகியது அம்மாவின் முணுமுணுப்பை வைத்துத்தான். மூளைக்கு முழுப் பாட்டும் தெரியும், விரலுக்குத் தெரியாது. அந்த இடம் வந்ததும் அது தானாகத் தாவிவிடும். மற்ற மூன்று பேரும் நேர்வழியில் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் பாட்டின் முடிவில் நிற்பேன். ஒத்திகைகளில் இது எத்தனையோ தடவை நடந்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் ட்ரம்ஸ் வாசிக்கிறவனுக்குப் பொறுமை போய்விட்டது. நான் பெண் என்றாலும் என்னையும் அவன் மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

“மச்சான், நாளைக்கும் பாஞ்சேன்னா அந்தப் பாட்ட அந்தப் புதுப் பொடியன்கிட்ட குடுத்திருவேன். பெறகு அழக்கூடாது.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களோடு சேரக் கேட்டிருந்த ஒரு பையன் அந்தக் கிட்டார் பகுதியை அசலைப் போலவே வாசித்துக் காட்டியிருந்தான். எனக்கு அன்றிரவு தூக்கமே சரியாக வரவில்லை. என் பாட்டை இன்னொருவன் வாசிக்க, நான் பக்கத்தில் நின்று தாளம் போடுவதா?

மண்டபத்தில் சோறு பரிமாறத் தொடங்கினார்கள். நாங்கள் அந்தப் பாட்டை எடுத்தோம். விரலை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் வாசித்தேன். இரண்டாவது சரணம் ஏறியது. இன்றைக்குத் தப்பித்துவிட்டோம் என்று நினைத்து ஒரு தடவை நிமிர்ந்தேன். அவ்வளவுதான், தாவிவிட்டேன். பாடுகிறவன் தடுமாறி வாயை மூடிக்கொண்டான். ட்ரம்ஸ் நின்றது.

அந்த அமைதியில், மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

அடுத்த நொடி ஒரு பெண் குரல், ‘லா லா’ என்று, நான் தாவி வந்து நின்ற அதே இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண், அம்மாவின் வயதுதான் இருக்கும். சோறு பிசைந்த கையோடு, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேறு வழியில்லை, அவர் பின்னால் போய்ப் பாட்டை முடித்தோம். ஏற்கெனவே பேசிவைத்துச் செய்தது என்று நினைத்துச் சனம் கைதட்டியது.

ட்ரம்ஸ்காரன் என்னைப் பார்த்த பார்வையை நான் பொருட்படுத்தவில்லை. அம்மாவின் ‘டொக்’ எப்படி இந்த அம்மாவின் வாயில் வந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு பாட்டு என்னால் வாசிக்க முடியாது. கிட்டாரை இறக்கிவைத்துவிட்டு ஓடினேன். அவரும் கையைக் கழுவிக்கொண்டு என்னைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தார். பெண் வீட்டாரின் பக்கத்து வீடாம்.

“இந்தப் பாட்ட யாருக்கிட்ட படிச்ச மகள்?”

அம்மாவிடம் என்றேன்.

“ஒங்க உம்மா கார்மெண்ட்ஸ் பஸ்ல போனவங்களா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு விஷயம் ஒவ்வொன்றாக வந்தது. அந்தக் காலத்தில் அவர் வீடு ரத்தொட்டையில். கார்மெண்ட்ஸ் பஸ் ட்ரைவரிடம் இருந்த ஒரே ஒரு ஆங்கில கேசட்டில்தான் இந்தப் பாட்டு. ஒருநாள் பஸ்ஸின் கேசட் பெட்டி நாடாவைக் கடித்துக் கசக்கிவிட்டது. ட்ரைவர் கசங்கிய துண்டை வெட்டி எறிந்தார். இரண்டு நுனியையும் ஒட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணின் பையில் சிவப்புக் கியூடெக்ஸ் இருந்தது. நகத்துக்குப் பூசுகிற அதைத் தொட்டு நாடாவை ஒட்டினார்கள். அன்றிலிருந்து அந்த ஒட்டு வரும்போதெல்லாம் ‘டொக்’ என்று கேட்கும், பாட்டு தாவும். சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று ஒரு பஸ் நிறையப் பெண்கள் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாட்டை அப்படியே பாடமாக்கிவிட்டார்கள், ‘டொக்’கையும் சேர்த்து.

“கியூடெக்ஸ் யாருடையது?” என்று கேட்டேன்.

“ஒரே சீட்ல என்கூட வந்தவளோடது. தோட்டத்துப் புள்ள. கல்யாணம் முடிச்சு வேலைய விட்டாள், பெறகு காணவே இல்ல.”

அம்மாவுக்கு அழைப்பு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அவர் பேர் சொல்லவில்லை. போனை வாயருகே வைத்துப் பாடினார். சரணம் ஏறியது, பாதியில் நிறுத்தினார். அம்மா போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாக ‘டொக்’ என்று கேட்டது.

“அடியே, நீ செத்துட்டியோனு நெனச்சேன்” என்றார் அம்மா.

“செத்தா ஒனக்குச் சொல்லாமயா சாவேன்?”

இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். நான் பொறுக்க முடியாமல் இடையில் புகுந்து கியூடெக்ஸைப் பற்றிக் கேட்டேன். அம்மா உடனே மறுத்தார். அது அவளோடது, அவள் வாப்பாவுக்குப் பயந்து அம்மாவின் பையில் போட்டு வைத்திருந்தாள் என்றார்.

“பொய் பேசாத. ஒங்க அண்ணனுக்குப் பயந்து என் பையில போட்டது நீ” என்றார் இவர்.

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இப்போது வாரம் ஒருதரம் போனில் நடக்கிறது.

அடுத்த ஒத்திகையில் நான் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதை முழுவதும் ட்ரம்ஸ்காரனுக்குத் தெரியும். அந்தப் பாட்டை எடுக்கச் சொன்னான். சரணம் பாதிக்கு வந்ததும் குச்சியால் ட்ரம் விளிம்பில் ‘டொக்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்னோடு சேர்ந்து தாவினான்.

“புதுப் பொடியன் வந்தா அவனும் இத இப்பிடித்தான் படிக்கணும்” என்றான்.

நான் எப்போதும் நகத்துக்குக் கறுப்புத்தான் பூசுவேன். அம்மா பூசி நான் ஒருநாளும் கண்டதில்லை. கல்யாணத்துக்கு அடுத்த நாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, “கரி அள்ளுன மாதிரி இருக்கு. செவப்புன்னா எடுப்பா இருக்கும்” என்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முழுப் பாட்டும் இன்றைக்கு எல்லோருடைய போனிலும் இருக்கிறது. இருந்தாலும் யாராவது ஒரு பாட்டைப் பிழையாகப் பாடினால் இப்போதெல்லாம் எனக்குத் திருத்தத் தோன்றுவதில்லை. நீங்கள் எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.