நின்னு காட்ட ஒரு ஆள்

1. கதவில் ஒட்டிய பல்லி

குற்றாலத்தில் எங்களுக்கு வேலை எல்லாம் சீசனுக்கு முன்னால்தான். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் வெளிச்சுவர் காயாது. பெயிண்டர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் வைகாசியில் லாட்ஜ்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு லாட்ஜில் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷனும் முடித்த அன்றைக்கு மேனேஜர் வந்தார். வெளியே இருக்கிற பாத்ரூம் கதவு இரண்டிலும் ஆண் ஒன்று, பெண் ஒன்று படம் போடச் சொன்னார். கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் மாறி மாறிப் போய்ச் சண்டை வருகிறதாம்.

நான் எழுத்து எழுதுவேன். வேல், ஓம், தாமரைப்பூ போடுவேன். ஆள் படம் போட்டதே கிடையாது. ஆனாலும் முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, கறுப்பு எனாமலில் போட்டுவிட்டேன். மேனேஜர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இது ஆம்பளையா, பல்லியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டர்பன்டைன் தொட்டு அழித்தேன். கடைசியில் கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினார்கள்.

தென்காசிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வேறு நினைப்பு. என் மனைவி செல்லம் இறந்துபோய் அது இரண்டாவது வருஷம். அவள் படம் என்று வீட்டில் இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணியதுதான். தோளோடு முடிந்துவிடும். மகள் கல்யாண ஆல்பத்தில் பார்த்தால் அடுத்தவர் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். தலையிலிருந்து கால் வரை அவளை ஒரு தடவை முழுசாக வரைந்து பூஜை அறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை. கதவில் ஒரு ஆளை நிறுத்தத் தெரியாதவன் அவளை எப்படி வரைவது? படித்தே தீர வேண்டும் என்று அந்த பஸ்ஸில்தான் முடிவு செய்தேன்.

2. பீரோக் கண்ணாடி

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வீட்டில் நான் ஒரு ஆள்தான். சாரல் மாதங்களில் வேலையும் இருக்காது, பேச்சும் இருக்காது. சாயங்காலம் விளக்கேற்றி, பிள்ளையார் சுழி போட்டு, முன் அறைச் சுவரில் கரியால் வரைய ஆரம்பிப்பேன். சரியில்லை என்றால் அதன்மேல் வெள்ளை அடித்துவிடுவேன். பெயிண்டர் வீட்டில் அதுக்கா பஞ்சம்.

யாராவது நின்று காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எதிர்வீட்டு முருகனிடம் கேட்டேன். அப்படி ஆளைப் பார்த்து வரைந்தால் ஆயுசு குறையும் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாளாம். அது போக, “அசையாம நிக்கதுக்கு நான் என்ன பொணமா?” என்று கேட்டுவிட்டான். மெயின் அருவிக்குப் போய், ஆண்கள் குளிக்கிற பக்கம் நின்று பார்த்தேன். தண்ணீர் தலையில் விழும்போது எல்லாருக்கும் கழுத்து உள்ளே போய்விடும், தோள் காதுக்கு வந்துவிடும். அதைப் படிக்கலாம் என்று நின்றால் போலீஸ்காரர் பக்கத்தில் வந்து, “என்ன வே, குளிக்கவும் மாட்டேங்கீரு, போகவும் மாட்டேங்கீரு?” என்றார். குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது செல்லம் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பீரோதான். ஆள் உயரக் கண்ணாடி. அவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஓரத்தில் அப்படியே இருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்று என்னையே வரைந்தேன்.

பிரஷ் காம்பை நீட்டி, விரலை நகர்த்தி அளவு பார்த்தேன். ஆள் உயரத்தில் பாதி தொப்புள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, அதற்கும் கீழே, தொடை பிரிகிற இடம். நான் காலைக் குட்டையாகப் போட்டதால்தான் அது பல்லி ஆனது. கையைத் தொங்கவிட்டால் விரல் பாதித் தொடைக்கு வரும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஆள் நிற்க ஆரம்பித்தான். நன்றாக வந்த அன்றைக்கு, “செல்லம், இங்க பாரு” என்று வாய் வரைக்கும் வந்துவிடும். அப்புறம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

3. சாமிக்கு எந்தக் கை

சில வருஷச் சாரல் கழிந்து, இலத்தூர் பக்கம் ஒரு சுடலைமாடசாமி கோயில் வேலை வந்தது. கொடைத் திருவிழாவுக்கு முன்னால் வெளிச்சுவரில் சாமியை ஆள் உயரத்துக்கும் மேலே வரைய வேண்டும். சாமி நன்றாக வந்தால் அடுத்தது செல்லம்தான் என்று நினைத்துக்கொண்டேன். விரதம் இருந்து, செருப்புப் போடாமல் வேலை செய்தேன். கண் மட்டும் கொடை அன்று பூஜை போட்டுத்தான் திறக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது.

கமிட்டித் தலைவர் சுப்பையா வந்தார். ஆர்மியில் இருந்து வந்தவர், என் வயசு. மேலேயிருந்து கீழே வரை பார்த்தார்.

“எல்லாம் அம்சமாத்தான் இருக்கு. சாமி எதுக்கு வே பீச்சக்கையில அருவா புடிச்சிருக்கு?”

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் சாமி மாதிரி என் எதிரே நின்று கையை ஓங்கிக் காட்டினார். அப்புறம்தான் புரிந்தது. கண்ணாடியில் என் வலது கை பக்கம் மாறித்தானே தெரியும். வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து, என் கண்ணுக்கு அதுதான் சரி என்று ஆகிவிட்டது. சாமியை இடது கைக்காரராக ஆக்கிவிட்டேன். சுவரிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணாடி பார்த்துப் படித்த கதையைச் சொன்னேன்.

“நின்னு காட்ட ஒரு ஆள் கெடைக்கலயா வே உமக்கு?”

“இல்ல” என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றிப் பக்கத்து மரக்கிளையில் போட்டார். கோயிலுக்குள் இருந்த அரிவாளைக் கும்பிட்டு எடுத்து வலது கையில் பிடித்தார். ஆயுசு பற்றி முருகன் சொன்னதைச் சொன்னேன். பார்டரில் போகாததா இங்கன போகப் போகுது என்று சிரித்தார். “வயித்த மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளி வரையும்.”

நான் படத்துக்கு வெள்ளை அடித்துக் காய விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நின்றார். வெயில் ஏற ஏற, தன்னை அறியாமல் ஒரு காலில் பாரத்தைப் போட்டார். அந்தப் பக்கம் இடுப்பு ஏறியது, தோள் இறங்கியது. மற்றக் கால் முட்டி தளர்ந்தது. கண்ணாடி முன்னால் நான் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறவன் விறைத்துத்தான் நிற்பான். அந்த நிலையை அப்படியே சுவரில் பிடித்தேன். சாமி அடுத்த அடி எடுத்து வைக்கப் போகிற மாதிரி வந்தார். கொடை அன்று குலவைச் சத்தத்தில் சாமிக்குக் கண் வரைந்து திறந்தேன். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

4. செல்லம்

அடுத்த வாரம் வீட்டுச் சுவரில் அவளை ஆரம்பித்தேன். முகம் வந்தது, தோள் வந்தது. இடுப்புக்கு வந்ததும் கரி நின்றுவிட்டது. அவள் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்பாள்? இத்தனை வருஷம் அடுப்படி வாசலில் எனக்கு முன்னால் நின்றவள். கண்ணை மூடி மூடிப் பார்த்தேன், வரவில்லை.

மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“எடது கால்லப்பா. வலது கால் பெருவிரல வச்சு எடது பாதத்தத் தேச்சுக்கிட்டே நிப்பா. நானும் இப்ப அப்படித்தான்பா நிக்கேன்.”

அப்புறம் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

“ஏட்டி, இதுலயும் கண்ணாடி மாதிரி கை கால் மாறுமா?”

“எனக்குத்தான்பா மாறித் தெரியும். ஒங்களுக்குச் சரியாத் தெரியும். நீங்க வரைங்க.”

அடுப்பில் அவளுக்கு ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. முடியும் வரைக்கும் அசையவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அளவெல்லாம் தன்னால் வந்துவிடும். ஆனால் கூச்சப்படாமல் ஒரு ஆளை நிற்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருத்தர் முடியாது என்றால் இன்னொருத்தரிடம் கேளுங்கள். நான் முருகனோடு நிறுத்திவிட்டேன்.

செல்லம் இப்போது பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரில் இடது காலில் நிற்கிறாள். கண் இன்னும் வைக்கவில்லை. வருகிற சாரலுக்கு வருகிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவள் வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.