பதினேழாம் நம்பர் துப்பாக்கியும் நான் டைப் செய்யாத ரிப்போர்ட்டும்

1. முதல் நாள்

ராஸ் அல் கைமாவில் டாகுமென்ட் கன்ட்ரோலராகச் சேர்ந்த முதல் நாள், என்னை ஆபீஸுக்கு அழைத்துப் போகவில்லை. ஒரு இரும்புக் கதவைத் திறந்து, குளிர்ந்த அறைக்குள் நிறுத்தினார்கள். சுவர் நெடுக நாற்பத்தொரு துப்பாக்கிகள். எல்லாம் பழைய உலகப் போர்களில் ஸ்னைப்பர்கள் வைத்திருந்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் தூரத்தைப் பக்கத்தில் காட்டும் ஒரு ஸ்கோப். எங்கள் முதலாளி அர்பாபுக்குத் தொழில் ஏர்கண்டிஷனர் இறக்குமதி; உயிர் இந்தத் துப்பாக்கிகள். வீட்டுக்குப் பின்னாலேயே லைசென்ஸ் வாங்கிச் சொந்தமாகச் சுட்டுப் பழக ஒரு ரேஞ்ச் கட்டியிருந்தார்.

துப்பாக்கி அறையில் எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. ஈரத்தை உறிஞ்சத் தனி மெஷின். எங்கள் பெண்கள் ரூமில் ஐந்து கட்டில், ஒரு ஏசி. ஏர்கண்டிஷனர் வியாபாரியின் ஸ்டாஃப் நாங்கள். அந்த ஏசி குளிரைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கொடுத்தது. துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிப்பது ஒரு நாள் தள்ளிப்போகாது. எங்கள் விசா என்றால், 'நெக்ஸ்ட் வீக்.'

என் வேலை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ஃபைல் போட்டு, அதன் மேல் உள்ள எல்லா எண்களையும் பதிவது. என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. அங்கே யாரும் கேட்காததால் நானாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2. எண்கள்

துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுகிறவர் செல்வராஜ் அண்ணன். முதுகுளத்தூர்ப் பக்கம். படிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இறுகும் என்று அவர் விரலுக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு ஸ்னைப்பர் எங்களிடம் நான்கு இருந்தன. அவற்றில் ஒரு விசேஷம். ஸ்கோப்பைத் தாங்கும் பிராக்கெட்டை அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே கையால் இழைத்துப் பொருத்தியிருப்பார்கள். அந்த ஸ்கோப்பின் எண்ணை, கை பிடிக்கும் இடத்தில் மரக்கட்டையில் அடித்திருப்பார்கள். இதற்கு இதுதான் ஜோடி, மாற்றாதே என்று அர்த்தம். மாற்றிப் போட்டாலும் உட்காரும். சுட்டால் குண்டு வேறு பக்கம் போகும். சேகரிப்பவர்கள் பாதி உயிரை வைத்திருப்பது இந்த ஜோடிப் பொருத்தத்தில்தான். ஜாதகம் பார்ப்பதை நம்பாத வெள்ளைக்காரர்கள்கூட இதில் பத்துப் பொருத்தமும் பார்ப்பார்கள்.

நாற்பத்தொன்றுக்கும் ஸ்கோப் எண், துப்பாக்கி எண் இரண்டையும் எழுதி அட்டை கட்டினேன்.

3. அழகு

அர்பாபுக்குக் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு சிநேகிதர் உண்டு. அவரும் சேகரிப்பவர். வருடத்துக்கு ஒரு முறை இருவருக்கும் சுடுவதில் போட்டி. அந்த வருடம் விருந்தாளிகள் உட்காரும் கூடமான புது மஜ்லிஸில் கண்ணாடி அலமாரி கட்டி விருந்தாளியை அசத்துவது என்று முடிவானது. துபாயிலிருந்து ஒரு டிசைனர் அம்மா வந்தார். ஸ்கோப்புகளைக் கழற்றித் தனியாக வெல்வெட்டில் வைக்கச் சொன்னார். ரஷ்யத் துப்பாக்கி ஒன்றைப் பார்த்து முகம் சுளித்து, இது வேண்டாம், ஸ்டோரிலேயே கிடக்கட்டும் என்றார். பிறகு என் அட்டைகளைப் பார்த்தார். லாண்டரிக் கடை மாதிரி இருக்கிறதாம்.

துப்பாக்கி விஷயத்தில் எங்கள் கன்சல்டன்ட் ஒரு ஆங்கிலேயர். எல்லோரும் கர்னல் என்பார்கள். அவரும் தலையாட்டினார். நான் கத்தரிக்கோல் எடுத்து அட்டைகளை என் கையாலேயே வெட்டினேன். எண்கள்தான் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றனவே என்று ஒரு தெம்பு.

போட்டிக்கு முந்தின நாள், சுடுவதற்காக ஸ்கோப்புகளைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. பளபளப்பான ஸ்கோப்பைப் பார்த்து அழகான துப்பாக்கிக்கு எடுத்துக் கொடுத்தார் கர்னல். செல்வராஜ் அண்ணன் மாட்டினார். அர்பாபின் செல்லம் பதினேழாம் நம்பர் லீ-என்ஃபீல்டு. அதை மாட்டும்போது அண்ணன் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஸ்க்ரூ அரைச் சுத்து முன்னாடியே நிக்கிது. இது அதோடது இல்ல போலிருக்கு."

"கர்னலுக்குத் தெரியாததா அண்ணே?" என்று சொல்லிவிட்டு, நான் விருந்தாளிகளுக்கான பெயர் அட்டைகளை அடிக்கப் போய்விட்டேன்.

4. போட்டி

இருநூறு மீட்டர், ஆளுக்கு ஐந்து குண்டு. ஸ்கோர் எழுத என்னை நிறுத்தியிருந்தார்கள். விருந்தாளி அலமாரியை ஒரு சுற்று பார்த்தார், பாராட்டினார். சுடுவதற்கு மட்டும் ஸ்டோரில் கிடந்த ரஷ்யத் துப்பாக்கியைக் கேட்டார். அழகில்லாததால் அதன் ஸ்கோப்பை யாரும் தொட்டிருக்கவில்லை. ஐந்தில் நான்கு நடுவில் விழுந்தன.

அர்பாப் பதினேழை எடுத்தார். ஐந்தும் இடது பக்கம், வட்டத்துக்கு வெளியே. ஆனால் ஐந்தும் ஒரே இடத்தில், ஒரு டீ சாஸர் மூடும் அளவுக்குள். அங்கிருந்தவர்களில் இயற்பியல் படித்தவள் நான் ஒருத்திதான். கை தப்பியிருந்தால் சிதறும். இது சிதறவில்லை.

கர்னல் குனிந்து பார்த்துவிட்டு, துப்பாக்கி கீழே விழுந்திருக்கிறது என்றார். யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் செல்வராஜ் அண்ணனைப் பார்த்தார்கள்.

"தும் கிராயா?" என்றார் அர்பாப். நீதான் போட்டாயா என்று. அண்ணன் பதில் சொல்வதற்குள் அவரே, "கலாஸ். டிக்கெட் போடு" என்று முடித்தார். வேலை தீர்ந்தது, ஊருக்கு அனுப்பு என்று.

விருந்தாளிகள் சாப்பிடப் போனார்கள். கர்னல் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். இன்சிடென்ட் ரிப்போர்ட். 'ஹெல்பரின் கவனக்குறைவால் கீழே விழுந்தது.' சாப்பாடு முடிவதற்குள் டைப் செய்து அர்பாப் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். வைத்தால் அண்ணனுக்கு விசா கேன்சல். ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாது.

அண்ணன் வாசலில் நின்றார். "நான் கீழ போடல தங்கச்சி. கைப்புள்ளயத் தூக்குற மாதிரில்ல தூக்குவேன்."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சு என்ன செய்ய. அவுக கர்னலு."

5. ரிப்போர்ட்

கம்ப்யூட்டரைத் திறந்து என் லிஸ்டைப் பார்த்தேன். பிறகு, போட்டிக்கு எடுத்தவற்றைத் திரும்ப வைத்திருந்த துப்பாக்கி அறைக்குப் போய், பதினேழின் மரக்கட்டையில் இருந்த எண்ணையும் அதன் மேல் மாட்டியிருந்த ஸ்கோப்பின் எண்ணையும் எழுதினேன். பொருந்தவில்லை. மற்ற மூன்றிலும் இதே கதை. நான்கு ஜோடியும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன.

இதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். அட்டையை எடுத்தது யார்? என் விசாவும் அதே அர்பாபின் கையில்தான் இருந்தது. ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முதல் வகுப்பெல்லாம் அப்போது ஒரு உதவிக்கும் வரவில்லை.

கர்னல் கொடுத்ததை டைப் செய்யவில்லை. நான்கு வரிசையில் எட்டு எண்களை மட்டும் டைப் செய்து மஜ்லிஸுக்கு எடுத்துப் போனேன். கர்னல் என்னைத் தடுத்து, நீ எப்போதாவது சுட்டிருக்கிறாயா என்று கேட்டார்.

"இல்லை சார். படித்திருக்கிறேன்."

அர்பாப் எழுந்து வந்தார். தாளையும், எண் படிக்க நான் வைத்திருந்த லென்ஸையும் வாங்கிக்கொண்டு அறைக்குள் போய், நான்கு துப்பாக்கியையும் தானே பார்த்தார். வெளியே வந்து அட்டையைப் பற்றிக் கேட்டார். நான்தான் வெட்டினேன், செல்வராஜ் மாட்டும்போதே சந்தேகம் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை என்றேன். யார் வெட்டச் சொன்னது என்று கேட்டபோது கர்னலைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்த ஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அர்பாப் தனியாக ரேஞ்சுக்குப் போனார். ஐந்தும் நடுவில். திரும்பி வந்து விருந்தாளியிடம், காலையில் காற்று அதிகம் என்றார். ரேஞ்ச் கொடி காலையிலிருந்து ஈரத்துணி மாதிரித்தான் தொங்கியது. மஜ்லிஸில் இருந்த பன்னிரண்டு பேரும் ஆமாம், பயங்கரக் காற்று என்றார்கள். கர்னல் வேகத்தையும் சொன்னார்.

டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. 'ஜோடிப் பொருத்தம் பேணும் முறை' என்று கர்னல் ஒரு சர்க்குலர் விட்டார். அதையும் நான்தான் டைப் செய்தேன்.

புதிதாக டாகுமென்ட் கன்ட்ரோல் வேலைக்கு வரும் பெண்களிடம் நான் சொல்வது இரண்டு. அழகாக இல்லை என்பதற்காக எந்த அட்டையையும் வெட்டாதே. ரிப்போர்ட்டில் ஒரு ஆளின் பெயரை அடிப்பதற்கு முன்னால் எழுந்து போய்ப் பொருளைப் பார். அதைத் தொட்டு வேலை செய்கிறவர் என்ன சொன்னார் என்று கேள். இந்த இரண்டாவதை எந்தக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போட்டி நடந்த அன்று மாலை, நான் டைப் செய்த அந்த எண்கள் தாளை அண்ணன் கேட்டார். படித்துக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். பாஸ்போர்ட்டில் தன் பெயர் எந்த வடிவத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடினார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இல்ல" என்றார். என் மேஜையில் வைத்துவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார்.