கயிறு கட்டாத கார்

"இதுல கியரு எங்கன இருக்கு?" என்று மெக்கானிக் அழகர் கேட்டார்.

"கியர் மாத்துற வேலையே கிடையாது," என்றார் கர்ணன் மாமா.

"கிளச்சு?"

"அதுவும் கிடையாது."

"அப்ப ஒங்களுக்கு என்னண்ணே வேல?"

"கண்ட ஆயில ஊத்த வாரவன வெரட்டுறது."

அழகர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

2007இல், பழனிசெட்டிபட்டியில், எங்கள் பக்கத்து வீடான மாமா வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது. மாமா ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிறகு மற்றவர்கள் ஓட்ட, பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்து போனார். இடது காலுக்கு வேலை வைக்காத இந்தப் பழைய கார் வந்தபின்தான் பேசினார், அதுவும் காரைப் பற்றி. இது போனால் மறுபடியும் பின்சீட்டுதான்.

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான்தான் படித்துத் தமிழில் சொன்னேன். அதற்கென்றே உள்ள ஆயிலை மதுரையிலிருந்து வரவழைத்தார். இறக்கத்தில் நியூட்ரல் போடுவதை விட்டார். எஞ்சின் ஓடாமல் முன்சக்கரம் வெகுதூரம் உருண்டால் உள்ளே இருக்கும் இரும்பு பெல்ட் தேயும், கட்டி இழுக்கக் கூடாது என்ற இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

அடுத்த வருடம் என்னைக் கம்பத்திலிருந்து கூட்டிவரும்போது சின்னமனூர் அருகே கார் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் வண்டி நின்றால் யாரையும் கூப்பிட வேண்டாம். ஒரு டிராக்டர்காரர் கயிற்றோடு வந்துவிட்டார்.

"வேணாம்ப்பா."

"காசு வேணாம்ணே."

"காசுக்கில்ல. சக்கரம் உருளக் கூடாது."

"பின்ன எதுக்குண்ணே சக்கரம்?"

மாமா கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காலோடு புத்தியும் போச்சு என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது.

வெயில் சாய்ந்தபின் வாழைத்தார் இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று கிடைத்தது. அதை ரோட்டோரப் பள்ளத்தில் பின்பக்கமாக இறக்கி, பலகை போட்டு, காரை மெதுவாகத் தள்ளி ஏற்றினார்கள். தள்ளியவர்களில் டிராக்டர்காரரும் ஒருவர். மாமா காரைவிட்டு இறங்கவில்லை. லாரி மேல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, தேனி வரை வந்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் கை காட்டினார்கள். அவரும் காட்டினார்.

டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு மோட்டார்தான் பழுது. மறுநாள் கார் ஓடியது.

நான் மதுரைக்கு வேலைக்குக் கிளம்பியபோது அவர்தான் பஸ் ஏற்றிவிட்டார். பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நான் செத்தா என்னையத் தூக்க நாலு பேரு வந்துருவாக. நீ வந்து வண்டிக்கு லாரி சொல்லு ஆத்தா. கயிறு கட்ட விட்டுராத."