ஒரு கோழிக்கு ஒன்று

“…ஒரு கோழிக்கு ஒண்டுதான் இருக்கும். அது இந்தச் சட்டியிலைதான் கிடந்தது. இப்பக் காணேல்லை,” என்றாள் தோழி, அகப்பையால் குழம்பைக் கிளறியபடி.

அவள் கமரூன்காரி. கனடாவில், லாசால் என்ற இடத்தில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசை. இருவருடைய பிரெஞ்சும் அரைகுறை; எனக்கென்னவோ அவள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு, ஊரிலிருந்து தன் கணவனின் தமையன் வந்திருக்கிறார் என்று என்னைச் சமையலுக்குத் துணையாகக் கூப்பிட்டிருந்தாள்.

காணாமல் போனது கோழியின் இரைப்பை. உப்புப் பார்க்கிறேன் பேர்வழி என்று அதை எடுத்து வாயில் போட்டவள் நான். சொன்னதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் வழக்கத்தில் இரைப்பை வீட்டுக்கு மூத்த ஆணுக்கு மட்டும். பெண் வாயில் வைக்கக் கூடாது. தட்டில் அது வராவிட்டால் சமைத்தவள் தின்றுவிட்டாள் என்று தீர்ப்பு. தமையன் ஊருக்குப் போய்ச் சொல்வார். பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்ற பெயர் இவளுடைய தாய்க்கு. எனக்குச் சிரிக்கவும் வாயில்லை. எங்கள் வீட்டிலும் மீன் தலை அப்பாவுக்குத்தான் போகும், கேட்டவர் யார்?

கடைக்கோழிக்கு இரைப்பை வராது என்று சொல்லிப் பார் என்றேன். ஜான்-டலோன் சந்தையில் குடல் எடுக்காத முழுக்கோழியாகப் பார்த்து வாங்கி வந்தவரே தமையன்தானாம்.

“நீ ஒருநாளும் திண்டதில்லையோ?” என்று கேட்டேன். நாள் முழுக்க இரைப்பை கழுவுகிறவள் அல்லவா. இல்லையென்று தலையாட்டினாள்.

அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். வேலையிடத்தில் சும்மா கொடுக்கிற இரைப்பைகளை அவித்து, கணவனுக்கென்று ஒரு பெரிய டப்பா நிறைய வைத்திருந்தாள். அத்தனையையும் குழம்புக்குள் கொட்டினாள்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். தமையன் அள்ள அள்ள வந்தது. ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு, பிறகும் தனக்கு. ஐந்தாவதில் அகப்பை நின்றது. இது என்ன கோழி என்று கேட்டார்.

“கனடாக் கோழி, அத்தான். இஞ்சை இப்பிடித்தான்.”

மிச்சம் யாருக்கு என்று அவருடைய வழக்கத்தில் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. தம்பியைப் பார்த்தார், தம்பி தட்டைப் பார்த்தார். தோழி கதிரையை இழுத்துப் போட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். உப்புக் காணாது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இன்னொன்றை எடுத்தாள்.