துரியோதனனுக்கு ஒரு வெளிச்சீட்டு

சேலத்து அருங்காட்சியகத்தில் கூத்துக் கண்காட்சி. கயிறு கட்டிய மேடையில் கிரீடமும் புஜக்கீர்த்தியுமாகத் துரியோதனன் வேஷக்காரர் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ‘தொடாதீர்கள்’ என்று பலகை.

“ஏனுங்க, நாலு மணி பஸ்ஸை உட்டா பரமத்தி வேலூர்ல ஆட்டமே நின்னு போயிருமுங்க” என்கிறார், கண்காட்சி பார்க்க வந்த என்னிடம்.

காவலாளி அசையவில்லை. “காட்சிப் பொருள் எதையும் சீட்டு இல்லாம வெளிய உடமாட்டனுங்க.”

விதி சரிதான். முப்பது வருஷம் அலுவலகத்தில் நானும் அதையேதான் சொன்னேன். காவலாளியிடமே வெளிச்சீட்டுப் படிவம் வாங்கி, கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன்: ‘துரியோதனன், ஒன்று. கிரீடத்துடன்.’ எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் துரியோதனனே கையெழுத்துப் போடுகிறார்.

காவலாளி அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சரிபார்க்கிறார். ‘பொருளின் நிலை’ என்ற கட்டத்தில் ‘வியர்த்திருக்கிறது’ என்று எழுதிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கிறார்.